நான் எண்ணாமல் விட்ட பந்துகள்

இந்த ஆண்டும் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உறைக்குள் மூன்று தாள்கள். அழைப்பு ஒன்று, நிகழ்ச்சி நிரல் ஒன்று, எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டு ஒரு துண்டுத்தாள். நிரலில் ஏழாவதாக வருவது, கூடைப்பந்துக் குழுவில் தனக்கென்று பாராமல் ஆடிய மாணவனுக்கு நினைவுக் கோப்பை வழங்குதல். அதன் கீழே சின்ன எழுத்தில் வழக்கமான வரி: இக்கோப்பை யாருடைய நினைவாக வழங்கப்படுகிறதோ அந்த மாணவர், பதினோரு ஆட்டங்களில் இருநூற்றுப் பதினான்கு முறை பந்தைத் தன் தோழர்களுக்குக் கொடுத்தவர்.

அந்த எண்ணைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த மாணவன் ஆடிய எங்கள் குழுவில் ஏழு பேர். ஆறு பேர் போய்விட்டார்கள். நான் மெர்கோங் என்ற ஊரில், இரண்டு படுக்கையறை வீட்டில், ஒன்பது மருந்துப் புட்டிகளோடு இருக்கிறேன். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். போன ஞாயிறு நான்கு நிமிடம் பேசினான். அதற்கு முந்தைய வாரம் ஆறு.

எண்ணுவது என் பழக்கம். அப்பா பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பா பெயர் கூப்பிட்டுப் புள்ளி போடுவார். நான் ஐந்து வயதிலிருந்து அவர் பக்கத்தில் நின்று தலைகளை எண்ணுவேன். அவர் கணக்கும் என் கணக்கும் ஒத்துவராவிட்டால் அவர் மறுபடி எண்ணுவார். பெரும்பாலும் என் கணக்குதான் சரியாக இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

நான் படித்தது சுங்கை பட்டாணியில் ஓர் ஆங்கிலப் பள்ளியில். ஊரார் அதைக் காலேஜ் என்பார்கள். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியை மூடினான். சில மாதங்கள் கழித்து அதே கட்டடத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கத் திறந்தான். மேசைகளில் பாதியைக் காணவில்லை. கூடைப்பந்துத் திடலில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் மட்டும் தப்பியிருந்தன. வலை எதிலும் இல்லை.

குழுவில் நான்கு சீனப் பையன்கள், ஒரு மலாய்க்காரன், இரண்டு தமிழர்கள். மாவுச் சாக்கை எண்களாக வெட்டிச் சட்டையின் முதுகில் தைத்திருந்தோம். ஒருவரையொருவர் அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிடுவோம். ஒன்றாம் நம்பர் தலைவன், மளிகைக்கடை முதலாளியான தவுக்கேயின் மகன். நாலாம் நம்பர் எங்கள் தோட்டத்துப் பால்மரம் வெட்டுகிற அம்மாவின் இளைய மகன். நான் ஆறாம் நம்பர். ஐந்து பேர் ஆடுவார்கள். ஆறும் ஏழும் பெஞ்சில். பெஞ்சில் சும்மா இருக்க முடியாமல் நான் ஆட்டக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவந்தேன்.

அந்தக் கோப்பை நாலாம் நம்பரின் நினைவாகத்தான்; பள்ளிப் பலகையில் அவனைத் தன்னலமற்றவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் மதிய மரவள்ளிக்கிழங்கில் பாதி தினமும் அவன் வயிற்றுக்குத்தான் போயிற்று. இருவரும் என் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போவோம். டயர் கிடைக்காத காலம், சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தோம். அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்கார்ந்து மைல்கல்லை எண்ணுவேன். "உன் எடைக்கு ரெண்டு பேரு மிதிக்கணும்டா, ஆறு. கூலியா அந்தக் கெழங்க எடு" என்று பாதி வழியிலேயே தொடங்கிவிடுவான்.

எங்களிடம் இருந்தது ஒரே பந்து. அது கிழியக் கிழிய அவன்தான் ஒட்டுவான். மரத்துப் பாலைச் சிரட்டையில் உறையவைத்து, தட்டி, உள்பையில் ஒட்டி, மேலே தோலைத் தைப்பான். ஏழு ஒட்டுகள். ஒட்டுகளால் பந்து ஒரு பக்கம் கனத்து, தரையில் தட்டினால் கோணலாக எழும்பும். தட்டிக்கொண்டு ஓட யாராலும் முடியாது. கைக்குக் கை கொடுத்துத்தான் ஆட வேண்டும். அவனுக்கு அந்தப் பந்தின் குணம் தெரியும். கனத்த பக்கம் கீழே இருக்கும்படி விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொடுப்பான். வாங்குகிறவன் கையில் அது நல்ல பந்தாக வந்து உட்காரும். வாங்கியவன் கூடையில் போடுவான். நான் நோட்டில் போட்டவன் எண்ணுக்கு நேரே ஒரு கோடு கிழிப்பேன்.

என் நோட்டில் இரண்டு பத்திகள்தான். ஒன்று கூடையில் விழுந்த பந்து, மற்றது தவறு. கொடுத்த பந்துக்குப் பத்தி கிடையாது. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பதினோரு ஆட்டங்களில் நாலாம் நம்பருக்கு நேரே மூன்று கோடுகள்.

பதினொன்றாம் ஆட்டம் முடிந்த வாரம் தோட்டத்து ஆபீசுக்கு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து பதினைந்து பேர் வேண்டும். மூன்று மாத வேலை, அரிசியும் துணியும் உண்டு என்றார்கள். இரண்டு ஆண்கள் உள்ள வீட்டிலிருந்து ஒருவர் என்பது ஏற்பாடு. என் எழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா பெயர்ப் பட்டியல் எழுத என்னை உட்காரவைத்தார். மூன்று பிரதிகள் வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டிலும் ஆண்கள் இரண்டு பேர், அப்பாவும் நானும். கிராணி வீட்டை யாரும் எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நானும் எண்ணவில்லை.

பட்டியலில் பதினொன்றாவது நாலாம் நம்பரின் அண்ணன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு ஏழு மாதம். மூன்று பிரதிகளையும் எழுதி மை உலரவைத்திருந்தபோது நாலாம் நம்பர் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். அப்பா உள்ளே இல்லை.

"ஆறு, அந்தப் பதினொண்ண மாத்து."

"மாத்த முடியாதுடா. வெட்டி எழுதினா ஜப்பான்காரன் ஒத்துக்க மாட்டான்."

"அப்பப் புதுசா எழுது. காகிதம் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"யாரு பேர எழுதச் சொல்ற?"

"என் பேருதான். எழுத்துப் பிழை இல்லாம எழுது."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அண்ணன் விடுமா? மூணு மாசம்தானே. அதுக்குள்ள நீ எறங்கி ஆடிப் பழகு. பெஞ்சத் தேச்சது போதும்."

எழுதினேன். ஒரு பிரதிக்குப் பன்னிரண்டு நிமிடம். முப்பத்தாறு நிமிடமும் அவன் சன்னல் கட்டையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை பதினொன்றாம் வரிக்கு வந்தேன். மூன்று தடவையும் அவன் பெயரை எழுதினேன். இரண்டாவது பிரதியில் அந்த வரியில் இருந்தபோது, ஐவரில் ஓர் இடம் காலியாகிறது என்ற நினைப்பு வந்தது. வந்ததை இந்த வயதில் மறைத்து என்ன செய்யப் போகிறேன். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

லாரியில் பதினைந்து பேர் ஏறினார்கள். நான் எண்ணினேன். சரியாக இருந்தது.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. நான் ஐவரில் ஒருவனாக ஆடினேன். நன்றாக ஆடவில்லை. பந்தில் எட்டாவது ஒட்டை நான் போட்டேன். அது இரண்டு நாளில் உரிந்துவிட்டது. சைக்கிளை நானே மிதித்துப் போய் நானே மிதித்து வந்தேன். மைல்கல்லை எண்ணுவதை விட்டுவிட்டேன். பசிக் காலம்தான். இருந்தும் மதியம் கிழங்கில் பாதிக்கு மேல் இறங்காது. மிச்சத்தை இலையில் சுருட்டித் திடலின் ஓரத்தில் வைப்பேன், கோழி வந்து தின்னும். என்னை யாரும் ஆறு என்று தமிழில் கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். அது வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கும்.

பத்தாவது மாதம், போன பதினைந்து பேரில் ஒருவர் திரும்பி வந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் போய்க் கேட்டேன்.

"அவன் மூணாவது கேம்ப்ல போயிட்டான் தம்பி. வாந்திபேதி."

"என்னிக்கு அண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். "அங்க ஏது தம்பி தேதி? மழ பெஞ்சிக்கிட்டு இருந்திச்சு. அதான் தெரியும்."

செய்தியை நான் திடலில் சொன்னேன். மறுநாள் தலைவன் ஒரு யோசனையோடு வந்தான். அவன் பேச்சு மலாய், ஆங்கிலம், கடைத் தமிழ் மூன்றும் கலந்தது. நாலாம் நம்பர் நினைவாக ஒரு கோப்பை வைக்கலாம். ஒரு ஆட்டத்தில் யார் அதிகமாகப் பந்தைக் கொடுக்கிறானோ அவனுக்கு. அவன் அப்படித்தானே ஆடினான். "நீ கீரா பண்ணு லா, சிக்ஸ். நீ எண்ணினா தப்பாது." கீரா என்றால் கணக்கு. நான் எண்ண வேண்டுமானால் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். ஏழாம் நம்பர் இறங்குவான். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

கோப்பைக்கு எங்கே போவது? தோட்டத்தில் பால்வெட்டு பாதி நின்று, மரங்களுக்கிடையே லாலான் புல் இடுப்புக்கு வளர்ந்திருந்தது. பால் வடியும் மண் கிண்ணங்களான மங்குகள் கம்பி வளையங்களில் மழைத்தண்ணீரோடு கிடந்தன. நாலாம் நம்பரின் அம்மா பால் வெட்டுகிற மரவரிசையில், அவர் நிரையில், விளிம்பு உடையாத மங்கு ஒன்றைத் தேடி எடுத்தேன். முப்பத்தோராவது மரத்தில் கிடைத்தது. வெள்ளைப் பூச்சுள்ள மங்கு. சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன். கொடுத்த பந்து. போட்டுவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பதினோரு பக்கங்கள். அவனுக்கு நேரே மூன்று கோடுகள். அவன் கொடுத்ததற்குத்தான் இந்தக் கோப்பை. அவன் கொடுத்தது எத்தனை என்று என்னிடம் இல்லை. எனக்குத் தலைக்குள் என்னவோ அரித்தது. நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து எண்ணிவிடலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்தில் பதினேழு வரை வந்தது, பிறகு குழம்பிவிட்டது. அவன் பெயரை மூன்று தடவை பிழையில்லாமல் எழுதினேன். அவனுக்கென்று எழுத வேண்டியது ஒன்றுதான். அதை எழுதவில்லை.

ஆட்டம் கோலா கெத்திலிலிருந்து வந்த ஒரு குழுவோடு. தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் விபரீதம் புரிந்துவிட்டது. எங்கள் ஆள்கள் பந்தைக் கொடுத்தார்கள். வாங்கியவன் உடனே இன்னொருவனுக்குக் கொடுத்தான். அவன் அடுத்தவனுக்கு. கூடைப்பக்கம் யாரும் போகவே இல்லை. எல்லோருக்கும் அந்த மங்கு வேண்டியிருந்தது. பேராசை இல்லை. நாலாம் நம்பருக்கு நெருங்கியவன் நான்தான் என்று ஒவ்வொருவனும் காட்ட நினைத்தான். நான் கோடு கிழித்துக் கிழித்துப் பென்சில் முனை மழுங்கியது.

வேடிக்கை பார்த்த ஒருவர் தமிழில் கேட்டார்: "ஏம்பா, பந்து சுடுதா? ஒருத்தனும் கையில வெச்சுக்க மாட்டேங்கிறீங்க."

இன்னொருவர், "வெரதம் போல" என்றார்.

ஒரு கட்டத்தில் இரண்டாம் நம்பர் கூடைக்கு நேர் கீழே தனியாக நின்றான். பந்து அவன் கையில். எதிராளி ஒருவனும் பக்கத்தில் இல்லை. அவன் மேலே பார்க்கவில்லை, திரும்பி யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினான். "மாசோக் லா, மாசோக்," உள்ளே போடு என்று தலைவன் கத்தினான். இரண்டாம் நம்பர் அந்தத் தலைவனுக்கே பந்தை எறிந்தான். தலைவன் அதை வாங்கி, கொஞ்சமும் யோசிக்காமல் ஐந்தாம் நம்பருக்குக் கொடுத்தான்.

இருபத்திரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கொடுத்த பந்துகள் மொத்தம் நூற்று எண்பத்தாறு. இரண்டாம் நம்பர் நாற்பத்தேழு.

ஆட்டம் முடிந்து நோட்டை வாசித்தேன். இரண்டாம் நம்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வேணாம்" என்றான். தலைவன் மங்கை எடுத்து உள்ளே பார்த்தான், ஏதோ இருப்பதுபோல. "அவன் எத்தன குடுத்தான், சிக்ஸ்? இதுல எழுதி அவன் அம்மாவுக்கே குடுத்திடு லா."

"எண்ணல" என்றேன்.

"நீயா? எண்ணலியா?"

அவன் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டான். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த நாள் மங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவன் அம்மா வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பட்டியலை எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"வாங்க தம்பி. கிராணி ஐயா எதும் சொல்லிவிட்டாரா?"

"இல்லம்மா. பந்தாட்டத்துக்காரங்க குடுக்கச் சொன்னாங்க." மங்கை நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பிப் பார்த்தார். "இது நம்ம தோட்டத்து மங்கு."

"ஆமாம்மா. உங்க நெரையிலதான் எடுத்தேன். அவன் நல்லா ஆடினதுக்கு."

"எத்தன போட்டான்? நீங்கதான் எல்லாம் எழுதுவீங்கன்னு சொல்லுவான். அந்த நோட்டுல பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. இருந்தும் பதினோரு பக்கங்களையும் புரட்டினேன். "மூணும்மா."

"மூணா?" அவர் முகம் சுருங்கியது. "அத்தன நாளு போனானே. மூணு போடவா போனான்? கிண்டலுக்கு வெச்சிருந்தீங்களா அவன?"

"இல்லம்மா. அவன் போட மாட்டான். போடுறவனுக்குக் குடுப்பான்."

"ஏன், அவனுக்குப் போடத் தெரியாதா?"

"தெரியும்மா. குடுக்கிறதுதான் கஷ்டம். அவன் குடுத்தாதான் மத்தவன் போட முடியும்."

அவர் என்னையே பார்த்தார். கிழங்கின் மண் அவர் மணிக்கட்டில் காய்ந்திருந்தது. "அப்ப அது எத்தன?" என்றார். "குடுத்தது?"

ஒரு ஆட்டத்துக்கு இருபது என்று வைத்தால் பதினோரு ஆட்டத்துக்கு இருநூற்று இருபது. முழு எண் சொன்னால் எண்ணவில்லை என்று தெரிந்துவிடும். ஆறைக் கழித்தேன்.

"எறநூத்திப் பதினாலும்மா."

நோட்டைப் பார்த்தே சொன்னேன். வெற்றுத்தாளில் கண்ணை வைத்துக்கொண்டு.

"எறநூத்திப் பதினாலு." அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்த எண் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும். அவர் நிரையில் இருந்த மரங்களைவிடக் குறைவு, ஆனாலும் காலையில் பாதிக்கு மேல் நடந்தால்தான் அத்தனை மரம் முடியும். "அவனுக்குன்னு மூணு வெச்சுக்கிட்டு அம்புட்டும் குடுத்துட்டானா."

உள்ளே போய்ப் பால்வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்தார். "அத இதுல எழுதுங்க தம்பி." கத்தி முனையால் மங்கின் வெள்ளைப் பூச்சில் மூன்று இலக்கங்களைக் கீறினேன். பூச்சு உதிர்ந்து உள்ளே சிவப்பு மண் தெரிந்தது. அவர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எத்தன குடுத்தான்?"

பதினோரு ஆட்டங்களிலும் நான் பெஞ்சில் இருந்தேன். "எனக்குக் குடுக்கலம்மா" என்றேன். சொல்லிவிட்டு, அது சரியான கணக்கு இல்லை என்று தோன்றியது. கத்தியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே குழந்தை அழுதது. அண்ணன் அதைத் தட்டித் தூங்கவைப்பது கேட்டது. அம்மா இரண்டு கிழங்குகளை என் கையில் வைத்தார். வேண்டாம் என்றால் மனம் புண்படும் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டையும் முழுதாகத் தின்று முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

சண்டை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தலைவன் ஏதோ வேலையாகத் தோட்டத்துக்கு வந்தவன், நாலாம் நம்பரின் லயத்து வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே அந்த மங்கைப் பார்த்திருக்கிறான். அதன்பிறகுதான் பள்ளியில் இந்தக் கோப்பையை ஏற்படுத்தினான். என்னைக் கேட்டான்: "எண்ணலன்னு சொன்ன. இப்ப நம்பர் இருக்கு. சரியா?" "அப்புறம் நோட்டுல தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றேன். "சிக்ஸ் எண்ணினா தப்பாது லா" என்று அதைப் பலகையில் செதுக்கிவிட்டான். நாலாம் நம்பரின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அதனால் பேசாமல் இருந்தேன். அவர் போனபின் தலைவனுக்காகப் பேசாமல் இருந்தேன். தலைவனும் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் கடிதம் வருகிறது. உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுவேன். ஒரு தடவையும் போனதில்லை.

இப்போது கோப்பை வாங்குகிற பையன்களை ஒரு குழு பார்த்து, கொடுத்த பந்துகளை எண்ணித் தேர்ந்தெடுக்கிறதாம். எவனும் இருநூற்றுப் பதினாலை எட்டவில்லை என்று நிரலில் பெருமையாகப் போடுகிறார்கள். எட்டாதவர்களில் யாராவது அவனைவிட அதிகமாகக் கொடுத்திருக்கலாம். குறைவாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்தப் பையன்கள் நான் கீறிய பொய்யை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

துண்டுத்தாளை மேசையில் வைத்திருக்கிறேன். எத்தனை பேர் வருவீர்கள் என்பதற்குச் சின்னக் கட்டம் ஒன்று. ஒன்று என்று போட்டேன். ஏழாவது நிகழ்ச்சிக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும். நாலாம் நம்பர் போட்டது மூன்று, கொடுத்தது எத்தனை என்று எண்ணப்படவில்லை, எண்ண வேண்டியவன் நான் என்று சொல்ல வேண்டும். முதல் வரிசையில் இடம் கேட்டிருக்கிறேன். எழுந்து நிற்க எனக்கு இப்போது நேரமாகிறது.